சாதி பலம் இல்லாத முதல்வர்: தேவராஜ் அர்ஸ் எழுந்ததும் விழுந்ததும்

மைசூருக்குச் சுற்றுலா போகிற நம்மூர்க் குடும்பங்கள், அரண்மனையும் சாமுண்டி மலையும் பார்த்து முடித்த கையோடு கடைத்தெருவுக்கு வந்து நிற்கிற இடம் தேவராஜ் அர்ஸ் சாலை. துணிக்கடை, செருப்புக்கடை, செல்போன் கடை என்று நெரிசலான தெரு. பெயர்ப்பலகையை யாரும் படிப்பதில்லை. படித்தாலும், பக்கத்திலேயே தேவராஜா மார்க்கெட் இருப்பதால், இரண்டும் ஒரே மகாராஜாவின் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் நினைத்தேன். மார்க்கெட் உண்மையிலேயே ஓர் உடையார் மன்னர் பெயரில் இருக்கிறது. சாலையோ 1972 முதல் 1980 வரை, நடுவில் இரண்டு மாதம் நீங்கலாக, கர்நாடகத்தை ஆண்ட ஒரு முதலமைச்சரின் பெயரில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் அவரை நினைவு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் காவிரியோடு சேர்த்துத்தான் நினைவு வைத்திருப்பார்கள். 1924 ஒப்பந்தம் 1974-ல் காலாவதியாகிவிட்டது என்று கர்நாடகம் வாதிடத் தொடங்கிய காலத்தில் அங்கே முதல்வராக இருந்தவர் அவர். ஆனால் அவர் அரசியலின் சாரம் அணையிலும் தண்ணீரிலும் இல்லை. பின்னால் அணிதிரள ஒரு சாதியில்லாத மனிதர், சாதிக் கணக்கே சகலமுமான ஒரு மாநிலத்தில் எப்படி முதல்வரானார், ஏழரை ஆண்டுகளுக்கு மேல் எப்படி நீடித்தார், பிறகு ஏன் ஒரே தேர்தலில் துடைத்தெடுத்தாற்போல் காணாமல் போனார் என்பதுதான் கதை.

அவர் பிறந்த ‘அரசு’ (அர்ஸ்) என்ற சாதி, மைசூரை ஆண்ட உடையார் அரச குடும்பத்தோடு கொள்வினை கொடுப்பினை உள்ளது. பெயரில் ராஜகளை இருக்கிறதே தவிர எண்ணிக்கையில் ஒன்றுமில்லை. மாநில மக்கள்தொகையில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது. மைசூரு மாவட்டம் ஹுன்சூர் வட்டத்துக் கல்லஹள்ளிதான் அவர் ஊர். 1915 ஆகஸ்ட் 20-ல் பிறந்தார். பெங்களூரு சென்ட்ரல் காலேஜில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, வேலை தேடாமல் ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்த்தார். 1941-ல் மைசூர் சமஸ்தானப் பிரதிநிதி சபை உறுப்பினர். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை. 1952-ல் ஹுன்சூர் எம்எல்ஏ. 1962-ல் அமைச்சர். நெடிய உருவம், வாயில் பைப். தம்பி கெம்பராஜ் அர்ஸ் சினிமா நடிகர், இயக்குநர்; தமிழிலும் படம் எடுத்தவர். தம்பியின் பெயர் பிறகு வேறோர் இடத்திலும் வரும்.

அர்ஸுக்கு முன்னால் அந்த மாநிலம் எப்படி இருந்தது என்பது தெரிந்தால்தான் அவர் செய்தது புரியும். பிராமணரல்லாதார் அரசியல் நம்மூரில் பிறந்த அதே காலத்தில் மைசூரிலும் பிறந்தது. 1918-ல் மகாராஜா அமைத்த மில்லர் குழு, பிராமணர் தவிர ஏறக்குறைய எல்லோருமே பிற்படுத்தப்பட்டோர் என்று சொல்லி அரசு வேலையில் அவர்களுக்கு இடம் கேட்டது. திவான் விஸ்வேஸ்வரய்யா பதவி விலகியதற்கு இந்த விவகாரமும் ஒரு காரணம். ஆனால் கதவு திறந்தபோது முதலில் உள்ளே போனவர்கள், ஏற்கெனவே நிலமும் படிப்பும் ஓரளவு வைத்திருந்த லிங்காயத்துகளும் ஒக்கலிகர்களும். 1956-ல் கன்னடப் பகுதிகள் ஒன்றிணைந்தபின் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களைப் பாருங்கள்: நிஜலிங்கப்பா, ஜட்டி, கந்தி, மறுபடி நிஜலிங்கப்பா, வீரேந்திர பாட்டீல். எல்லோரும் லிங்காயத்துகள். எதிர்த்தரப்பில் ஒக்கலிகர்கள். மற்ற சாதிகளுக்கு ஓட்டுப்போடும் வேலை மட்டும் மிச்சமிருந்தது. குருபர், ஈடிகர், பில்லவர், பேடர், கங்காமதஸ்தர், மடிவாளர் என்று ஊருக்கு ஊர் சிதறிக் கிடந்த சிறு சாதிகள் அவை. ஒவ்வொன்றும் தனித்தனியே சில்லறை. யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

அர்ஸ் அந்தச் சில்லறையை எண்ணிப் பார்த்தார். வாய்ப்பு தானாக வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1969-ல் காங்கிரஸ் இரண்டாக உடைந்தபோது இந்திரா காந்தியைக் கட்சியை விட்டு நீக்கிய தலைவரே கர்நாடகத்து நிஜலிங்கப்பாதான். முதல்வர் வீரேந்திர பாட்டீலும் அவரோடு. பெரிய தலைகளெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டதால் இந்தப் பக்கம் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மாநிலத்தில் இந்திராவின் ஆளாக அர்ஸ் வந்து உட்கார்ந்தார். 1971 மக்களவைத் தேர்தலில் அங்கிருந்த 27 தொகுதியும் இந்திராவுக்கு. பாட்டீல் ஆட்சி கவிழ்ந்தது. 1972 மார்ச்சில் சட்டமன்றத் தேர்தல். 216-ல் 165 இடம். அர்ஸ் முதல்வரானார்.

அந்த 165 பேரில் பலர், அதற்கு முன் எந்தக் கட்சியும் டிக்கெட் கொடுக்க யோசித்திருக்கக்கூடிய சாதிகளிலிருந்து வந்தவர்கள். வேட்பாளர் பட்டியல் தயாரிப்பதைச் சமூக நீதி என்று யாரும் பாடப்புத்தகத்தில் எழுதுவதில்லை. ஆனால் அந்த மாநிலத்தில் முதல் நிலநடுக்கம் அங்கேதான் நடந்தது. அப்போது குர்மிட்கலில் முதல்முறையாக எம்எல்ஏ ஆன இளம் தலித் வழக்கறிஞர் மல்லிகார்ஜுன கார்கே; 1976-ல் அர்ஸ் அமைச்சரவையில் இணை அமைச்சர், பின்னாளில் அகில இந்திய காங்கிரஸ் தலைவர். வீரப்ப மொய்லியும் தரம் சிங்கும் அதே 1972 வரவுகள். பங்காரப்பா அதற்கு முன்பே சோஷலிஸ்டாக வந்து, அர்ஸ் நிழலில் வளர்ந்தவர். மூவரும் பின்னர் முதல்வரானார்கள்.

டிக்கெட்டுக்கு அடுத்து நிலம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

1961-லேயே ஒரு நிலச் சீர்திருத்தச் சட்டம் இருந்தது. இந்தியாவின் மற்ற நிலச்சட்டங்கள் மாதிரி ஓட்டைகள் நிறைந்தது. அர்ஸ் அரசு அதைத் திருத்தி 1974 மார்ச் 1 முதல் அமலாக்கியது. திருத்தத்தின் சாரம் எளிது. குத்தகைக்கு விடப்பட்ட நிலம் முழுவதும் அன்றைய தேதியோடு அரசுடைமை. ராணுவ வீரர், கடலோடி போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. நிலத்தை உழுதுகொண்டிருப்பவர் படிவம் 7-ஐ நிரப்பிக் கொடுத்தால், விசாரித்து அவர் பெயருக்கே பட்டா. ‘உளுவவனே ஹொலதொடெய’, அதாவது உழுகிறவனே நிலத்துக்குச் சொந்தக்காரன் என்ற முழக்கம் சுவரிலிருந்து சட்டத்துக்குள் இறங்கியது.

சட்டத்தைவிட அதை நடைமுறைப்படுத்திய விதம்தான் சாமர்த்தியம். வழக்குகளை நீதிமன்றத்துக்கு விட்டால் பேரன் காலத்தில்தான் தீர்ப்பு வரும் என்று தெரிந்தவர்கள், வட்டத்துக்கு ஒன்றாக நில நீதிமன்றங்களை அமைத்தார்கள். அசிஸ்டென்ட் கமிஷனர் தலைவர். அரசு நியமிக்கிற உறுப்பினர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவராவது தாழ்த்தப்பட்டவர் அல்லது பழங்குடியினராக இருக்க வேண்டும். வக்கீல்கள் ஆஜராக அனுமதி இல்லை. சிவில் கோர்ட்டில் மேல்முறையீடும் இல்லை. பிடிக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம், அவ்வளவுதான்.

வக்கீல் இல்லை என்ற அந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்பது கிராமத்துக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ‘கேணி’ என்றால் கன்னடத்தில் கிணறு இல்லை, குத்தகை. வாய்வார்த்தைக் கேணிக்கு ரசீது கிடையாது. நம் சிட்டா அடங்கல் மாதிரி அங்கே பஹணி; அதில் உழுபவர் பெயர் ஏறவே ஏறாது. அதை எழுதுகிற கிராமக் கணக்கரான ஷானுபோகரும் நிலக்காரரும் ஒரே திண்ணையில் உட்காருகிறவர்கள். வழக்கமான கோர்ட்டில் நிலக்காரரின் வக்கீல் அந்தப் பஹணியை நீட்டினால் கதை முடிந்தது. நில நீதிமன்றத்தில், பக்கத்து வயல்காரர் வந்து ‘இந்த வயலில் இவன் அப்பன் காலத்திலிருந்து ஏர் ஓட்டுகிறான்’ என்று சொன்னால் அதுவும் சாட்சி. சந்தேகமிருந்தால் உறுப்பினர்கள் வயலுக்கே போய் வரப்பில் நின்று பார்த்தார்கள். எதிரே நிற்கும் நிலக்காரரிடம் பேசும்போது தோளிலிருந்த துண்டைக் கையில் வைத்துப் பழகியவர்கள், அதே நிலக்காரருக்குச் சமமாக ஒரு மேசைக்கு முன்னால் நின்றார்கள்.

சுமார் 8 லட்சம் விண்ணப்பங்கள் குவிந்தன. கெடு 1979 ஜூன் வரை நீட்டிக்கப்பட்டது. பாதிக்கும் மேற்பட்டவை குத்தகைதாரருக்குச் சாதகமாக முடிந்தன. குத்தகை அடர்த்தியாக இருந்த தட்சிண கன்னடம், உத்தர கன்னடம், ஷிமோகா மாவட்டங்களில் ஒரு தலைமுறைக்குள் ஊரின் முகமே மாறியது. 1951-லேயே காகோடு கிராமத்தில் குத்தகை விவசாயிகள் சத்தியாக்கிரகம் நடத்திய மண் அந்த ஷிமோகா.

ஆனால் இதைப் புரட்சி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு உச்சவரம்பு 10 ஸ்டாண்டர்டு ஏக்கர்; மானாவாரி நிலமானால் அது 54 ஏக்கர் வரை போகும். வடகர்நாடகத்தின் கரிசல் சமவெளியில் சொந்தமாகவே விவசாயம் செய்த லிங்காயத்துப் பெருவிவசாயியை இந்தச் சட்டம் பெரிதாகத் தொடவில்லை. தெற்கே ஒக்கலிகரையும் அப்படியே. குத்தகை உரிமைகூட இல்லாத கூலிக்காரருக்கு, அதாவது பெரும்பாலான தலித்துகளுக்கு, வீட்டுமனைக்கு மேல் அதிகம் கிடைக்கவில்லை. மறுபக்கம், நிலம் இழந்தவர்கள் எல்லோரும் ஜமீன்தார்களும் அல்லர். இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுப் பிழைத்த கைம்பெண்ணும், கோயில் நிலத்தை நம்பியிருந்த பூசாரியும் அதில் அடக்கம். தன் ஆட்சியை உடனே கவிழ்க்கக்கூடிய இரண்டு பெரிய சாதிகளின் அடிமடியில் கைவைக்காமல், அவர்களைத் தவிர்த்த இடத்தில் அழுத்தமாகச் செய்யப்பட்ட சீர்திருத்தம் இது. கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள். எட்டக்கூடிய உயரத்துக்குத்தான் அவர் கையை நீட்டினார் என்பேன்.

ஒதுக்கீட்டில் மட்டும் அந்தத் தயக்கம் இல்லை. 1972-ல் எல்.ஜி. ஹாவனூர் என்ற வழக்கறிஞர் தலைமையில் பிற்படுத்தப்பட்டோர் ஆணையம். பேடர் சமூகத்தவர் அவர். 1975-ல் வந்த அறிக்கை லிங்காயத்துகளைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு வெளியே வைத்தது. மில்லர் காலத்திலிருந்து பட்டியலில் இருந்துவந்த ஒரு பெருஞ்சாதியை நீங்கள் முன்னேறியவர்கள் என்று அரசு ஆவணம் சொன்னபோது எழுந்த கூச்சலைக் கற்பனை செய்துகொள்ளலாம். 1977 பிப்ரவரியில் அர்ஸ் அரசு சில மாற்றங்களோடு அதை ஆணையாக்கியது. ஆணையம் சேர்க்காத முஸ்லிம்களை அரசு சேர்த்தது. கூடவே முதல்வரின் சொந்தச் சாதியான அரசு சமூகமும் பிற்படுத்தப்பட்ட பட்டியலில் ஏறியது. 1979-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. அரண்மனைச் சம்பந்திகள் பிற்படுத்தப்பட்டவர்களா என்று கேட்டால், யாராலும் சிரிக்காமல் பதில் சொல்ல முடியாதுதான்.

இதற்கிடையில் 1973 நவம்பர் 1-ல் மைசூர் மாநிலம் கர்நாடகம் ஆனது. உடையார் வழிச் சமூகத்துக்காரர் ஆட்சியில் மைசூர் என்ற பெயர் போனது ஒரு வேடிக்கை. அதே மாதம் அவருடைய தலித் அமைச்சர் பசவலிங்கப்பா, கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி ‘பூசா’, அதாவது மாட்டுக்குப் போடும் தவிடு என்று பேசிவிட்டார். ஊரெல்லாம் கல்வீச்சு, விடுதி மாணவர்கள் மீது தாக்குதல். மனிதர் தலையில் மலம் சுமக்கும் வழக்கத்துக்குத் தடை கொண்டுவந்த அமைச்சர் அவர். அர்ஸ் அவரைக் காப்பாற்றவில்லை, பதவி போனது. கர்நாடகத்து தலித் இயக்கம் அந்தக் கோபத்திலிருந்துதான் எழுந்து நின்றது. ஒரு கூட்டணியைக் கட்டிக் காப்பவர் யாரை எப்போது கைவிடுவார் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

நெருக்கடி நிலை காலத்தில் மற்ற காங்கிரஸ் முதல்வர்களைப் போல அவரும் இந்திரா சொன்னதைச் செய்தார். வாஜ்பாயியும் அத்வானியும் கைதாகி அடைக்கப்பட்டது பெங்களூரில்தான். நடிகை ஸ்னேகலதா ரெட்டி பெங்களூரு சிறையில் ஆஸ்துமாவோடு வாடி, வெளியே வந்த சில நாளில் 1977 ஜனவரியில் இறந்துபோனார். அர்ஸைக் கொண்டாடும் கட்டுரைகள் இந்தப் பக்கத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

1977-ல் வடக்கே காங்கிரஸ் அடியோடு சாய்ந்தபோது கர்நாடகத்தில் 28-க்கு 26 கிடைத்தது. ஜனதா அரசு சும்மா இருக்குமா? அர்ஸ் மீதான ஊழல், உறவினர் சலுகைக் குற்றச்சாட்டுகளை விசாரிக்க நீதிபதி குரோவர் ஆணையத்தை அமைத்தது. தலைமைச் செயலரை மாற்றிவிட்டு, மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்குத் தம்பி கெம்பராஜை இயக்குநராக்கியது அந்தப் பட்டியலில் ஒன்று. மாநில முதல்வரை விசாரிக்க மத்திய அரசுக்கு அதிகாரமில்லை என்று கர்நாடகம் உச்ச நீதிமன்றம் போனது. ஏழு நீதிபதிகள் அமர்வில் பெரும்பான்மைத் தீர்ப்பு மத்திய அரசுக்குச் சாதகம். மத்திய-மாநில உறவு பற்றிய சட்ட வகுப்புகளில் இன்றும் அந்த வழக்கு வரும். ஆணையம் சில குற்றச்சாட்டுகளில் அவர் மீது தவறு கண்டது.

1977 டிசம்பர் 31-ல் ஆட்சி கலைக்கப்பட்டது. மறுநாளே காங்கிரஸ் மறுபடி உடைந்தது. பல பெரிய தலைவர்கள் இந்திராவைக் கைகழுவிய நேரத்தில் அர்ஸ் அவரோடு நின்றார். 1978 பிப்ரவரித் தேர்தலில் இந்திரா காங்கிரசுக்கு 224-ல் 149. முடிந்துவிட்டதாகக் கருதப்பட்ட இந்திராவுக்கு உயிர் கொடுத்தது இந்த வெற்றியும் ஆந்திர வெற்றியும்தான். அதே ஆண்டு நவம்பரில் சிக்மகளூர் எம்பி சந்திரே கவுடா பதவி விலகி வழிவிட, இந்திரா அங்கே இடைத்தேர்தலில் நின்றார். எதிரே ஜனதா வேட்பாளராகப் பழைய முதல்வர் வீரேந்திர பாட்டீல். காபித் தோட்டத்து மலைப்பாதைகளில் இந்திரா ஊர் ஊராகப் போனார். அந்த ஏற்பாட்டின் பின்னே இருந்தவர் அர்ஸ். எழுபதாயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வெற்றி.

எட்டு மாதம்கூட முழுசாக ஓடவில்லை. முதல்வர் பதவியும் மாநிலக் கட்சித் தலைவர் பதவியும் ஒரே ஆளிடம் இருக்கலாமா என்று டெல்லியில் முணுமுணுப்பு. சஞ்சய் காந்தி கட்சிக்குள் மறுபடி வலுவானதில் அர்ஸுக்கு எரிச்சல். 1979 ஜூனில் இந்திரா அவரைக் கட்சியை விட்டு நீக்கினார். எம்எல்ஏக்களில் பெரும்பான்மையோர் அர்ஸ் பக்கம் நின்றதால் ஆட்சி தப்பியது. அவர் பெயராலேயே ஒரு காங்கிரஸ்; சவான், ஏ.கே. அந்தோணி, சரத் பவார் எல்லோரும் அதில் இருந்தார்கள். ஒரு மாநில முதல்வரின் பெயர் அகில இந்தியக் கட்சிக்கு அடைமொழியானது அபூர்வம்.

1980 ஜனவரியில் மக்களவைத் தேர்தல். கர்நாடகத்தில் இந்திராவுக்கு 28-க்கு 27. அர்ஸ் கட்சிக்கு அங்கே ஒன்றுகூட இல்லை. முடிவு வந்த சில நாளிலேயே எம்எல்ஏக்கள் கூட்டம் கூட்டமாகத் தாவ, அவர் ராஜினாமா செய்தார். ஜனவரி 12-ல் குண்டு ராவ் முதல்வர்.

நிலம் கொடுத்தவரை, ஒதுக்கீடு கொடுத்தவரை, டிக்கெட் கொடுத்தவரை மக்கள் எப்படி இப்படிக் கைவிட்டார்கள்? நன்றிகெட்ட ஜனம் என்பது சோம்பேறி விடை. பட்டா வாங்கிய விவசாயிக்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே அர்ஸ் அரசுதான். ஏழைகளுக்கு வந்த திட்டமெல்லாம் இந்திராவின் இருபது அம்சத் திட்டம் என்ற பெயரில்தான் வந்தது. மேடையில் இந்திரா, சுவரில் இந்திரா. சிக்மகளூரில் நேரில் கூட்டிக்கொண்டு போய், உங்கள் ஓட்டு இந்த அம்மாவுக்கு என்று கேட்டவரும் அவரே. பதினான்கு மாதம் கழித்து ஜனங்கள் அதையேதான் செய்தார்கள். ஜனதா ஆட்சியின் குளறுபடியும் விலைவாசியும் அந்த அலைக்குக் காற்றானதை மறுக்கவில்லை. ஆனால் அலையைத் தாங்க அவரிடம் ஒரு கட்சி இல்லை. இருந்தது எம்எல்ஏக்களின் கூட்டம். நிதியும் டிக்கெட்டும் ஒரே கையில் குவிந்திருந்தவரை ஒட்டியிருந்த கூட்டம். லிங்காயத்துத் தலைவர் தோற்றால் திரும்பிப்போக மடமும் சாதியும் உண்டு. அர்ஸுக்குத் திரும்பிப்போகக் கல்லஹள்ளி மட்டும் இருந்தது.

கடைசி இரண்டு ஆண்டுகள் கட்சி மாறியும் கட்சி கட்டியும் போயின. 1982-ல் கர்நாடக கிராந்தி ரங்கா என்ற மேடையைத் தொடங்கிய கையோடு, ஜூன் 6-ல் இறந்துபோனார். ஏழு மாதம் கழித்து, 1983 ஜனவரியில், பங்காரப்பா தலைமையில் அந்தக் கிராந்தி ரங்கா ஜனதாவோடு சேர்ந்து நின்றது. கர்நாடகத்தில் காங்கிரஸ் முதல்முறையாக ஆட்சியை இழந்தது. முதல்வர் நாற்காலி பிராமணரான ராமகிருஷ்ண ஹெக்டேவுக்குப் போனது வேறு கதை. சிறுபான்மையினர், பிற்படுத்தப்பட்டோர், தலித்துகளைச் சேர்த்து ‘அஹிந்தா’ என்று சித்தராமையா பின்னாளில் போட்ட கணக்கு, அர்ஸ் போட்ட அதே கூட்டல்தான். 2013 முதல் 2018 வரை ஐந்தாண்டு முழுதாக ஆண்ட சித்தராமையாதான், அர்ஸின் முதல் ஆட்சிக்குப் பிறகு அதைச் செய்த முதல் ஆள்.

1974 திருத்தம் சேர்த்த 79-ஏ, 79-பி பிரிவுகள், விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்குவதைத் தடுத்தன. பெங்களூரைச் சுற்றி நிலத்தின் விலை ஏற ஏற அந்தப் பிரிவுகள் பலர் கண்ணை உறுத்தின. 2020-ல் எடியூரப்பா அரசு இரண்டையும் நீக்கியது. படிவம் 7 வழியாகக் கைமாறிய நிலம் மட்டும் கைமாறியதுதான். கடலோரக் கர்நாடகத்தில் பெரியவர்களிடம் ஒரு தோட்டத்தைக் காட்டி யாருடையது என்று கேட்டால், ‘பூமசூதெயில் போனது’ என்றோ ‘பூமசூதெயில் வந்தது’ என்றோ சொல்வார்கள். பூமசூதெ என்றால் நில மசோதா. போனது என்கிறாரா, வந்தது என்கிறாரா என்பதை வைத்தே அவர் தாத்தா அந்த மேசைக்கு எந்தப் பக்கம் நின்றார் என்று தெரிந்துவிடும்.